கிரிப்டோசூவாலஜி என்றால்

விளக்கு போட்ட கையோடு அந்தச் சத்தம் வந்தது. பாப்பாவுக்குக் காரட்டும் பருப்பும் அரைத்து மிக்ஸியை நிறுத்தியிருந்தேன், நிறுத்தின பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம் மிச்சமிருக்குமே, அது அடங்குவதற்குள், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, தேயிலைச் சரிவு முடிந்து காடு ஆரம்பிக்கிற பக்கத்திலிருந்து. ஈரச் சாக்கை யாரோ சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் மூச்சை உள்ளே வாங்குகிற ஒலி. வாங்குகிற ஒலி மட்டும்தான். விடுகிற ஒலி இல்லை. வாங்கின மூச்சையெல்லாம் அது எங்கே வைத்துக்கொள்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி. என் கை மிக்ஸி ஜாடியின் மூடிமேல் அப்படியே நின்றுவிட்டது. நிற்கக் கூடாது. கையை அசை மிருதுளா, மூடியைத் திற, கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போடு, முகத்தைச் சும்மா வை. ஹாலில் அண்ணி இருக்கிறார். என் கணவர் நவநீதனின் அக்கா, வளர்மதி, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மத்தியான பஸ்ஸில் மலையேறி வந்திருக்கிறார், நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்கப்போகிறார், இறங்கும்போது என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார். கொஞ்ச நாளைக்குத்தான் என்கிறார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டால், முதலில் நீ தேறி வா என்கிறார்கள். "என்ன கண்ணு, மிக்ஸி நின்னுபோச்சு, கரண்ட் போயிருச்சா?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "இல்லீங்க அண்ணி, அரைச்சு முடிஞ்சுது." "அப்பறம் ஏன் அப்படியே நிக்கற?" எங்கிருந்து பார்க்கிறார்? கதவிடுக்கில் அவர் மடியும், மடியில் மடித்துக்கொண்டிருக்கும் பாப்பாவின் சட்டைகளும் மட்டும்தான் எனக்குத் தெரிகின்றன. "சூடு ஆறட்டும்னு நிக்கறேன்." "ஆறினது போதும், கொண்டா, புள்ளைக்குப் பசி." கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது என் விரல்களைப் பார்த்தார். அண்ணி மனிதர்களைப் பார்ப்பது சலைன் பாட்டிலைப் பார்ப்பதுபோல, சொட்டு சரியாக விழுகிறதா, வேகம் கூடுகிறதா. என் விரல் நடுங்கவில்லை. நடுங்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் தலையைத் திருப்பியிருப்பார் அல்லவா. யாராக இருந்தாலும் திருப்பத்தானே செய்வார்கள்.

பாப்பா பாயில் தவழ்ந்துகொண்டிருக்கிறாள், மகிழினி, என் சீமாட்டி, போன வாரம்தான் வயிற்றைத் தரையிலிருந்து தூக்கக் கற்றுக்கொண்டாள், கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரே திசைதான், வாசல் கதவு. கதவின் அடியில் வெளிச்சம் வருகிற சந்து அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் விரலை விட்டுப் பார்க்கிறாள். நான் ஓடிப்போய்த் தூக்கினால் ஏன் ஓடுகிறாய் என்பார்கள். ஓடாமல் நடந்துபோய்த் தூக்கினேன். இதையெல்லாம் இப்போது நான் செய்து பழகிவிட்டேன், பயத்தை மெதுவாக நடக்கவைப்பது. எங்களுடையது குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு. இந்த நெல்லிமட்டம் எஸ்டேட்டில் அவர் ஃபேக்டரியில் அசிஸ்டெண்ட் டீமேக்கர், மழைக்காலத்தில் கொழுந்து கொட்டும், இலையை இரவோடு இரவாக வாட்டி அரைக்காவிட்டால் கெட்டுவிடும், அதனால் இருட்டுவதற்குள் போனால் விடிந்துதான் வருவார், தேயிலைத் தூசி மணக்க. கல்யாணமான புதிதில் அந்த மணத்துக்காகவே கதவைத் திறக்க ஓடியிருக்கிறேன். இப்போது அந்தக் கதவுதான் என் நோய்க்கு அடையாளம். ஒருநாள் மிஷின் ரிப்பேர் என்று அவர் முன்னதாகவே வந்துவிட்டார், நான் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். கதவைத் தட்டினார். "மிருது, நான்தான், திற." "நீங்கதான்னு தெரியுது." "தெரிஞ்சா திறக்க வேண்டியதுதானே." "உங்களுக்குப் பின்னாடி மூச்சு வாங்குதே, அது யாரு?" அவ்வளவுதான் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. மழையில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார், பாப்பா அலறினாள், நான் பாப்பாவைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், பக்கத்து வீட்டு ஹெட் கிளார்க்கின் மனைவி குடையோடு வந்து, "ஏனுங்க தம்பி, சண்டையா?" என்று கேட்டது எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. சண்டையில்லை என்று அவர் சொன்ன குரலில் ஒரு வெட்கம் இருந்தது. சண்டை என்று சொல்லியிருக்கலாம். சண்டை என்றால் ஊரில் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். தாழ்ப்பாள் போடக் கூடாது, கொக்கி மட்டும், அதை வெளியிலிருந்து ஒரு குச்சியை விட்டுத் தூக்கிவிடலாம். தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார், குவார்ட்டர்ஸ் சாமான், ஆபீஸில் கேட்பார்கள் என்று விட்டுவிட்டார். அதனால் அது இருக்கிறது, மேலே ஒன்று கீழே ஒன்று, நான் அதன் பக்கம் பார்த்தாலே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

பொள்ளாச்சி டாக்டர் நல்லவர்தான். மேஜையில் ஒரு கண்ணாடித் தட்டில் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களைத் தவிர வேற யாருக்காவது அது கேட்டிருக்காம்மா?" நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன், அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். "இல்லைங்க டாக்டர்." மாத்திரை எழுதினார். ராத்திரியில் மனசில் ஓடுவதையெல்லாம் எழுதிப் பாருங்கள், லேசாகும் என்றும் சொன்னார், எழுதினால் லேசாகவில்லை, தெளிவாகத்தான் ஆகிறது. அந்த ஒரு கேள்வியை நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மிட்டாயை வாயில் ஒதுக்குவதுபோல ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு உருட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு யாருக்காவது. அப்படியென்றால் இன்னொரு ஆளுக்குக் கேட்டுவிட்டால் எனக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் சத்தம் என் தலைக்குள். சத்தம் என் தலைக்குள் என்றால் பாப்பா கோயம்புத்தூருக்கு. எவ்வளவு நேரான கணக்கு. ஆனால் இதன் மறுபக்கம்தான் தொண்டையில் மாட்டுகிறது, இன்னொருவருக்குக் கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லையென்றால் அது வெளியே இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது, கதவுக்கும் காட்டுக்கும் நடுவில், கொக்கி மட்டும் போட்ட கதவுக்கு அந்தப்புறம். நான் எதற்கு வேண்டிக்கொள்வது? எந்தத் தாயாவது தன் வீட்டு வாசலில் மிருகம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொள்கிறேன். அது இருக்கட்டும் என்று, பல்லோடும் நகத்தோடும் இருக்கட்டும் என்று. வேண்டிக்கொண்டுவிட்டு உடனே பாப்பாவின் உச்சந்தலையை மூடிக்கொள்கிறேன், யாரோ கேட்டுவிட்டதுபோல.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது. கான்வென்டில் லைப்ரரி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு, சிஸ்டர் ஆன்சிலா வாரத்துக்கு ஒரு கடினமான சொல்லை அதில் எழுதுவார், வெள்ளிக்கிழமைக்குள் அதை வைத்து நாங்கள் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும், அர்த்தத்தை முன்னாலேயே சொல்லமாட்டார், "யூஸ் பண்ணுங்க, அது தன்னால சொல்லும்" என்பார். ஒரு வாரம் கிரிப்டோசூவாலஜி. பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நீண்டது. எங்கள் சாப்பலுக்குக் கீழே பழைய சிஸ்டர்களைப் புதைத்த நிலவறை ஒன்று உண்டு, அதற்கு கிரிப்ட் என்று பெயர், வெளவால் நாற்றம் அடிக்கும், கல்லறைத் திருநாளன்று மட்டும் மெழுகுவர்த்தியோடு இறங்குவோம். ஆகவே நான் எழுதினேன், எங்கள் சாப்பலில் கிரிப்டோசூவாலஜி படிக்க விரும்புகிறவர்கள் வெளவாலுக்கும் எலிக்கும் பயப்படக் கூடாது. கிளாஸே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட வந்துட்ட மிருதுளா, மறைவான இடம் இல்ல, மறைவான மிருகம்" என்றார். இருப்பதாகச் சிலர் சொல்லி, இருக்கிறது என்று இன்னும் யாரும் காட்டாத மிருகங்களைத் தேடுகிற படிப்பு. பனிமலையில் நடக்கிறவன், ஏரிக்குள் கழுத்து நீட்டுகிறது. அது சயின்ஸா சிஸ்டர் என்று யாரோ கேட்டார்கள். "சயின்டிஸ்ட் ஒத்துக்க மாட்டாங்க. தேடறவங்க விட மாட்டாங்க" என்றார் சிஸ்டர். அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களின் வாயைக் கவனித்துப் பாருங்கள் என்றும் சொன்னார், பாதிப்பேர் அதைச் சொல்லும்போது உதட்டோரத்தில் சிரிப்பார்கள். போன மாசம் போனில் தேடிப் பார்த்தேன். தமிழில் மறைவிலங்கியல் என்று போட்டிருக்கிறார்கள். விலங்கியல் என்று முடிவதால் ஏதோ காலேஜ் பாடம்போல ஒரு மரியாதை வந்துவிடுகிறது, ஆனால் எந்தக் காலேஜில் போய் அதற்கு அட்மிஷன் கேட்பது. ஆப்பிரிக்காவில் ஓகாபி என்று ஒரு பிராணி, காலில் வரிக்குதிரைக் கோடு, ஆனால் ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தம், வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டுக்கதை என்று வைத்திருந்தார்களாம், தோலும் எலும்பும் கையில் கிடைத்த பிறகு பெயர் வைத்தார்களாம். அந்தக் காட்டில் வாழ்கிறவர்களுக்கு அது எந்தக் காலத்தில் மறைந்திருந்தது? அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மறைவு என்பது யாருக்கு மறைவு என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. இன்னொன்றும் தோன்றியது, பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றபோது. கண்டுபிடித்தவுடனே அந்தப் பிராணி இந்தப் படிப்பை விட்டுப் போய்விடுகிறது, நேரே விலங்கியலுக்கு. ஓகாபி இப்போது மிருகக்காட்சிசாலையில் புல் தின்கிறது. ஆக இந்தப் படிப்பில் எப்போதும் மிச்சமிருப்பது நிரூபிக்காதவை மட்டும்தான். இவர்கள் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. ஜெயித்தால் அது அவர்களுடையது இல்லை, தோற்றால் மட்டும் அவர்களுடையது. ஒரு வீட்டில் ஒரு பெண் சொல்கிற பயமும் அப்படித்தான். சரியாகிவிட்டால் எங்களுக்கு அப்பவே தெரியும் என்பார்கள். சரியாகாதவரை அவளுக்கு மட்டும் சொந்தம்.

என் கணவர் என்னை நம்பாமல் இல்லை. நம்புவதற்கு முயற்சி செய்தார், பாவம். ஃபாரஸ்ட் ஆட்கள் ரெண்டு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிட்டார். ஒருவர் மீசைக்காரர், ஒருவர் சின்ன வயசு. பெரிய படத்தாள் ஒன்றை டீப்பாயில் விரித்தார்கள், சிறுத்தை, செந்நாய், கரடி, கடமான், முள்ளம்பன்றி, புனுகுப்பூனை, எல்லாம் பக்கவாட்டில் நின்று நம்மைப் பார்க்காமல் எங்கோ பார்த்தன. "இதுல எதுங்க அம்மா?" என்று மீசைக்காரர் கேட்டார். "நான் பார்க்கலைங்க. கேட்டேன்." "கேட்டதுக்குப் படம் இல்லீங்களே." அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் ரெண்டு பேரும் மாறி மாறிச் சத்தம் போட்டுக் காட்டினார்கள். சின்னவர் கரடி உறுமினார், மீசைக்காரர் வாயைக் குவித்துக் கடமான் கத்தினார், பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சிரிப்பு தாங்காமல் விக்கல் வந்துவிட்டது அவளுக்கு. "அதுவா?" "இல்லைங்க." "இதுவா?" "இல்லைங்க." "சிறுத்தை மரம் அறுக்கற மாதிரி இருக்கும், இப்படி." "இது அறுக்கிறது இல்லைங்க, இழுக்கிறது." என் கணவர் என்னைப் பார்த்தார். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். சிறுத்தை என்றிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி, சிறுத்தைக்கு எஸ்டேட்டில் சர்க்குலர் இருக்கிறது, மாலையில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், கதவைத் தாழிடுங்கள். சிறுத்தைக்காகத் தாழ்ப்பாள் போடுகிறவள் ஜாக்கிரதையானவள். பெயரில்லாததற்காகப் போடுகிறவளுக்கு மாத்திரை. ஆனால் பொய் சொல்ல வரவில்லை. கான்வென்டில் படித்ததன் பலன், எல்லா இடத்திலும் உண்மை வெளியே வந்து விழுந்துவிடும், வாந்தி மாதிரி.

"சாப்பிட வா கண்ணு, சும்மா ஜன்னலையே பாத்துட்டு நிக்காத" என்று அண்ணி கூப்பிட்டார். ஜன்னலைப் பார்த்தேனா? ஜன்னல் பக்கம் முகம் இருந்திருக்கிறது. தோசை வார்த்து வைத்தேன், அண்ணி வேண்டாமென்று சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார். "என்ற தம்பி இளைச்சுப்போய்ட்டான், பாத்தியா. கழுத்தெலும்பு தெரியுது." "ஃபேக்டரி வேலை அண்ணி, தூக்கமில்லை." "வேலை எல்லாருக்குந்தான் இருக்குது. வீட்டுல நிம்மதி வேணும்ல." சட்னியைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு, "நான் உன்னக் குறையா சொல்லலை. பெத்தவளுக்கு இதெல்லாம் வரும். எங்க வார்டுல எத்தனை பாத்துட்டேன். ஒருத்தி பாத்ரூம் பைப்புல அவ மாமியா பேசறானு சொன்னா. நெசத்துலயே அந்த மாமியா பைப்பு மாதிரிதான் பேசும், அது வேற விசயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார், அந்தச் சமயத்தில் அவரை எனக்குப் பிடித்தது, அவர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். "பால் கட்டினா துணி நனைச்சு ஒத்தடம் குடு. மொதல்ல ரெண்டு நாளைக்கு வலிக்கும். அப்பறம் வத்திரும்." எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார். வத்திரும். என் மார்பு அதைக் கேட்டதுபோல இறுகியது, பாப்பா பக்கத்து அறையில் ஒரு முனகல் விட்டாள், ரவிக்கை நனைந்துவிட்டது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். ஹாலில் பாப்பாவின் பை தயாராக இருந்தது. பால்பவுடர் டின், புட்டி, ரெண்டு ஸ்வெட்டர், என் பழைய புடவையில் கிழித்த ஒரு துண்டு, என் வாசனைக்காக, அதை நான்தான் வைத்தேன், அண்ணி எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து மறுபடியும் வைத்தார்.

அப்போதுதான் இரண்டாவது முறை. இழுப்பு. இந்தத் தடவை சரிவில் இல்லை, அதைவிடக் கிட்டத்தில், துணி துவைக்கிற கல் பக்கத்தில். நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் எண்ணெய் ஒரு சின்ன வட்டமாக இருந்தது, அதற்குள் டியூப்லைட் இருந்தது. நிறுத்தம். இனி மூச்சு வரும். வரப்போகிறது. அண்ணி எழுந்தார், கையை நக்கிக்கொண்டே எழுந்தார், கைகழுவக்கூட இல்லை, இடது கையால் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். ஏதோ ஒரு சீரியலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நீ யாருடி கேட்பதற்கு என்று கத்திக்கொண்டிருந்தாள், அண்ணி சத்தத்தை இன்னும் ஏற்றினார், வீடு முழுக்க அந்தக் கத்தல் நிறைந்தது, மூச்சு வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "புள்ள தூங்கறா அண்ணி" என்றேன். "தூங்கற புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார். சற்றுமுன்தான் அவரே டிவி போடாதே, கதிர்வீச்சு, குழந்தைக்கு ஆகாது என்று சொன்னவர். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. அப்போது யோசித்ததெல்லாம் மூச்சைப் பற்றித்தான், கேட்காத மூச்சு கேட்ட மூச்சைவிட மோசம், அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

"புள்ளையோட லங்கோடெல்லாம் எங்க காயப்போட்டிருக்க?" என்று அண்ணி கேட்டார், கை கழுவிவிட்டு வந்து. "பின்னாடி ஷீட்டுக்குக் கீழ கொடியில." "எடுத்துட்டு வா. ஈரமா இருந்தா அடுப்புகிட்ட போட்டுக் காயவெப்போம், காலைல எடுத்து வெக்க நேரமிருக்காது." எடுத்துக்கொண்டு வா. எவ்வளவு சின்ன வேலை. வீட்டுக்கு ஒரே வாசல்தான், அதைத் திறந்துகொண்டு வெளியே போய் சுவரோரமாகச் சுற்றினால் பின்னால் தகர ஷீட், அதன்கீழ் கொடி, கொடியைத் தாண்டினால் துவைக்கிற கல். தினமும் போகிற இடம். நான் எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். கொக்கியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. இதோ திறக்கப்போகிறேன், திறந்தால் பனி உள்ளே வரும், நான் வெளியே போவேன், கொடியில் ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றுவேன், அப்போது என் முதுகு காட்டுப்பக்கம் இருக்கும். முதுகு. வீட்டுக்குள்ளே பாப்பா, திறந்த கதவு, தவழ ஆரம்பித்தவள், அவளுக்கு ஒரே திசைதான். கை கொக்கியிலேயே இருந்தது. தூக்க முடியவில்லை. கொக்கி கனக்கவில்லை, என் கை என்னுடையதாக இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, டிவியில் விளம்பரம் வந்துவிட்டது, சோப்பு நுரையில் ஒரு குடும்பமே சிரித்தது. "பாத்தியா?" என்றார் அண்ணி. கோபமில்லை, அதுதான் வலித்தது. "கொடித்துணி எடுக்க முடியல உன்னால. அப்பறம் புள்ளைய எப்படி உன்கிட்ட விடறது, நீயே சொல்லு." பரீட்சை முடிந்துவிட்டது, ரிசல்ட்டும் வந்துவிட்டது. "தள்ளு. நானே போறேன்" என்று டார்ச்சை எடுத்தார். "வேண்டாங்க அண்ணி, துணி கிடக்கட்டும்." "ஏன் கிடக்கட்டும்?" "பனி கொட்டுது." "பனிதானே." புடவையை இழுத்துச் செருகினார், என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார், வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். "கொடி எந்தப் பக்கம்னு சொன்ன?" "பின்னாடி. ஷீட்டுக்குக் கீழ." "கல்லுகிட்டயா?" "ஆமாங்க." "ம்" என்றார். கதவு திறந்தது, பனியில் கொஞ்சம் உள்ளே வந்தது, அண்ணி வெளியே போனார்.

நான் ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். இப்போது ஓடலாம், பார்ப்பதற்கு யாருமில்லை. அவள் தூக்கத்திலேயே வாயை என் கழுத்தில் வைத்துத் தேடினாள். டிவியை அணைத்தேன். அணைத்தவுடன் வீடு காதாக மாறிவிட்டது. அண்ணியின் செருப்புச் சத்தம், சுவரோரமாக, சளக் சளக்கென்று, மூலையில் திரும்பியது, குறைந்தது. டிவியை அணைத்த கை ரிமோட்டிலேயே இருக்க, ஒரு யோசனை வந்து மாட்டியது. டிவியை அவர் எப்போது போட்டார்? இழுப்புக்கும் மூச்சுக்கும் நடுவில். சாப்பிடுகிறவர், எச்சில் கையோடு, பாதியில் எழுந்து. ஏன் எழுந்தார்? நிறுத்தத்துக்குப் பிறகு ஒன்று வரும் என்று தெரிந்தவர்தான் அப்படி எழுந்திருக்க முடியும். அதாவது முதல் சத்தத்தை, விளக்கு வைத்தபோது வந்ததை, முழுசாகக் கேட்டவர். மிக்ஸி ஏன் நின்றது என்று அவர் என்னைக் கேட்டது, நான் ஏன் நிற்கிறேன் என்று கேட்டது, அது என்னைப் பார்க்கவா, இல்லை எனக்குக் கேட்டதா என்று பார்க்கவா? தலையைத் திருப்பவில்லை அவர். திருப்பாமல் இருக்க நான் மட்டும்தான் பழகியிருக்கிறேனா? ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம், கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருக்கிறார், நோயாளி எனக்குக் கேட்கிறது என்றால் எனக்கும் கேட்கிறது என்று ஒருநாளும் சொல்லக் கூடாது, ஒருதரம் தலையாட்டினால் போச்சு, பிடித்துக்கொள்வார்கள். கேட்டாலும் ஆட்டக் கூடாதா? நிஜமாகவே கேட்டால்? அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு சாயங்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தோசை தின்றிருக்கிறோம். சிரிப்பு வருகிறதுபோல வந்தது, வரவில்லை. ஏனென்றால் அப்படியானால் அவர் எதற்கு வெளியே போனார்? எனக்குக் காட்டவா, தனக்குக் காட்டிக்கொள்ளவா? ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வந்தால் நாளைக் காலை நிம்மதியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா. பார்த்துவிடட்டும். அண்ணி அதைப் பார்த்துவிடட்டும். அது அங்கே இருக்கட்டும், கல்லுக்குப் பக்கத்தில், மறைவில்லாமல், டார்ச் வெளிச்சத்தில். கடவுளே, நான் என்ன கேட்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு கிளிப் கழற்றுகிற ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்கிறேன். இல்லாமல் இருக்கட்டும். ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும், என் தலைக்குள்ளேயே இருக்கட்டும், பாப்பாவைக் கொண்டுபோகட்டும், கொஞ்ச நாள்தானே. இல்லை. இருக்கட்டும். இல்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். "அண்ணி" என்று கூப்பிட்டேன், அது என் வாயை விட்டுப் போகவே இல்லை. வெளியே கிளிப் ஒன்று தகரத்தில் பட்டு விழுந்த ஒலி. இன்னொன்று. அப்புறம் ஒன்றும் விழவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஓடவில்லை. நடை. ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கிற நடை, எனக்குத் தெரியும் அந்த நடை, நான் தினமும் நடக்கிறேன் அதை. அண்ணி உள்ளே வந்து கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார். கையில் ரெண்டே ரெண்டு லங்கோடு. கொடியில் ஒரு டஜன் இருந்திருக்கும். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது, டியூப்லைட் வெளிச்சத்தில், சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாண போட்டோவின் மேல் மஞ்சளாக ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டம் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. "நாய்" என்றார். பாப்பாவை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். "பெரிய நாய் கண்ணு. ஏதோ எஸ்டேட் நாயாட்ட இருக்குது." "சரிங்க அண்ணி." "நாயத்தான் பாத்தேன்" என்றார், நான் இல்லையென்று சொல்லிவிட்டதுபோல. நெற்றியில் பனியா வியர்வையா தெரியவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வந்ததிலிருந்து முதல்தரமாக என்னைப் பார்க்காமல் பாப்பாவைப் பார்த்தார், அவள் பாதத்தை ஒரு விரலால் தொட்டார், ஸாக்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "உன்ற துணிமணியெல்லாம் எங்க, பீரோவுலயா?" "ஏங்க அண்ணி?" "நாலு சேலை எடுத்து வை. ஸ்வெட்டர் எடுத்து வை. காலைல நீயும் வர." "நானுமா?" "பின்ன? பால் குடிக்கற புள்ளைய அத்துட்டா தூக்கிட்டுப் போக முடியும்?" குரல் வழக்கமான அதட்டல்தான், ஆனால் கடைசிச் சொல்லில் காற்று இல்லாமல் போய்விட்டது. பாப்பா என்னோடு. என்னோடுதான். எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமே இல்லை, டாக்டர் கேட்ட கேள்விக்கு இதோ பதில் என் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறது. சந்தோஷம் வந்தது, வந்து நிற்கவில்லை, ஏனென்றால் அது இருக்கிறது, துவைக்கிற கல்லுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில், இப்போது, நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு. அவர் ஃபேக்டரியில் இருக்கிறார், அங்கே ஆட்கள் இருப்பார்கள், மிஷின் ஓடும், விளக்கு எரியும். ஆனால் அங்கிருந்து இங்கே வருகிற பாதை. "அண்ணி, அவருக்கு ஒரு போன் பண்ணி, விடிஞ்சு வெளிச்சம் வந்தப்பறம் வரச் சொல்லட்டுமா?" "சொல்லு. நாலு பேரோட சேந்து வரச் சொல்லு." "என்னன்னு சொல்றது?" அண்ணி யோசித்தார். வார்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெயர் சொன்னவர், வாயைத் திறந்தார், மூடினார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். வரச் சொல்லு, அவ்வளவுதான்." நான் போனை எடுத்தேன். அண்ணி டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினார், மேலே எட்டித் தாழ்ப்பாளைப் பிடித்தார், மழையில் மரம் ஊறி அது நகரவில்லை, வளையல் குலுங்க உள்ளங்கையால் அடித்தார், இன்னொரு அடி, அது போய் உட்கார்ந்தது. அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார்.